மானிட்டர் இல்லாத லினக்ஸ் பெட்டியில் ஸ்கேனர் 'கிடைக்கவில்லை' என்றால்: அனுமதிச் சிக்கலைத் தேடிப் பிடிக்கும் முழு வழிகாட்டி

ராஸ்பெர்ரி பையிலோ பழைய டெஸ்க்டாப்பிலோ லினக்ஸைப் போட்டு, மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் ஒரு மூலையில் வைத்து, யுஎஸ்பி ஸ்கேனரை அதில் மாட்டிவிட்டால் வீட்டில் எல்லோரும் வைஃபை வழியாகவே ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். யோசனை நல்லதுதான். ஆனால் அதைச் செய்யப் போகிறவர்களில் பலர் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். லேப்டாப்பில் செருகியதும் ஓடிய அதே ஸ்கேனர், இங்கே எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து வலைவழியாக நுழைந்து கட்டளை அடிக்கும் வசதி) வழியாக நுழைந்து கேட்டால் இல்லவே இல்லை என்கிறது.

லினக்ஸில் ஸ்கேனர் வேலை முழுவதையும் பார்த்துக்கொள்வது சேன் என்ற மென்பொருள் தொகுப்பு. அதன் ஸ்கேன்இமேஜ் கட்டளையில் பெரிய எல் கொடுத்து ஸ்கேனர்களைப் பட்டியலிடச் சொன்னால், 'ஸ்கேனர் எதுவும் அடையாளம் காணப்படவில்லை, செருகியிருக்கிறதா, ஆன் செய்திருக்கிறதா பாருங்கள்' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அதை நம்பி கேபிளை மாற்றுவது, டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவுவது என்று இறங்கிவிடாதீர்கள். சாதனத்தைத் திறக்க அனுமதி கிடைக்காதபோதும் சேன் அதே செய்தியைத்தான் காட்டும், ஏனென்றால் டிரைவர் ஒரு சாதனத்தைத் திறக்கப் பார்த்து முடியவில்லை என்றால் சத்தமில்லாமல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. அதனால் ஸ்கேனர் இருக்கிறதா என்பதைவிட, எந்தப் பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரல் அதைத் திறக்கப் பார்க்கிறது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடுவதுதான்.

எடுத்துக்காட்டுக்கு கேனான் லைடு 220 ஸ்கேனரையும், டெபியன் அல்லது ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸையும் வைத்துக்கொள்கிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: அனுமதிச் சிக்கல்தானா?

முதலில் எல்எஸ்யுஎஸ்பி. பட்டியலில் கேனான் பெயரோடு 04ஏ9:190எஃப் என்ற எண் தெரிந்தால் கேபிளும் போர்ட்டும் சரி. முதல் பாதி தயாரிப்பாளரின் எண், இரண்டாவது மாடலின் எண். இரண்டையும் பஸ் எண், டிவைஸ் எண்ணோடு சேர்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். இங்கேயே தெரியவில்லை என்றால் அது அனுமதி விஷயமே இல்லை. லைடு மாடல்கள் மின்சாரத்தை யுஎஸ்பி கேபிள் வழியாகவே எடுத்துக்கொள்பவை, பையின் பவர் அடாப்டர் பலவீனமாக இருந்தால் அவை தடுமாறும். முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து ஸ்கேன்இமேஜ் பட்டியலை இரண்டு முறை கேளுங்கள், ஒரு முறை உங்கள் சாதாரணப் பயனராக, ஒரு முறை முன்னால் சூடோ (நிர்வாகியான ரூட்டின் உரிமையில் கட்டளையை ஓட்டுவது) போட்டு. இரண்டிலும் ஸ்கேனர் வந்தால் யுஎஸ்பி அனுமதி சரி, நேராக, ஸ்கேனரை வலையில் பகிரும் சேன்டி சேவை பற்றிய படி 6-க்குப் போய்விடுங்கள். இரண்டிலும் வரவில்லை என்றால் டிரைவரிலோ ஃபர்ம்வேரிலோ (ஸ்கேனருக்குள் ஓடும் மென்பொருள்) சிக்கல், அல்லது வேறொரு நிரல் ஸ்கேனரைப் பிடித்து வைத்திருக்கிறது (படி 5-இன் பின்பாதியைப் பாருங்கள்). சூடோவில் மட்டும் வந்தால், சரி, நாம் தேடுவது இதைத்தான்.

சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர் என்று இன்னொரு கட்டளையும் உண்டு. அது டிரைவர்களைக் கேட்காமல் யுஎஸ்பியை நேரடியாகத் துழாவும் என்பதால், அனுமதி மறுக்கப்பட்டதை ஓரளவு வெளிப்படையாகவே சொல்லும். சாதாரணப் பயனராக ஓட்டினால் பல வரிகளில் 'அக்சஸ் டினைட்' என்று வரும். பயப்பட வேண்டாம். 1டி6பி என்று தொடங்கும் எண்கள் கணினியின் சொந்த யுஎஸ்பி ஹப்கள், அவற்றைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருப்பதுதான் முறை. உங்கள் ஸ்கேனரின் எண் உள்ள வரியை மட்டும் பாருங்கள்.

படி 2: லேப்டாப்பில் ஓடியது இங்கே ஏன் ஓடவில்லை

இதைப் புரிந்துகொள்ளாமல் கட்டளைகளை மட்டும் காப்பியடித்தால் அடுத்த மாதம் இதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இப்போதைய லினக்ஸ்களில் சிஸ்டம்டியின் (பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் அமைப்பு) லாகின்டி என்ற பகுதி 'சீட்' என்று ஒன்றைக் கணக்கில் வைத்திருக்கிறது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்ந்த ஓர் உட்காரும் இடம் அது. அந்த இடத்தில் நேரடியாக லாகின் செய்து, இப்போது திரையைப் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு, வெப்கேம், ஸ்கேனர் போன்ற சாதனங்களைத் திறக்கும் உரிமை தானாகவே ஒட்டிவிடும். யூடெவ் (செருகிய சாதனங்களுக்குக் கோப்பும் அனுமதியும் அமைக்கும் பகுதி) விதிகளில் யுஅக்சஸ் என்ற அடையாளம் பெற்ற சாதனங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. லேப்டாப்பில் 'செருகியதும் ஓடியது' என்பதன் ரகசியம் இதுதான்.

எஸ்எஸ்எச் வழியாக வருபவருக்கு சீட் கிடையாது. லாகின்சிடிஎல் என்று அடித்துப் பாருங்கள், உங்கள் வரியில் சீட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பின்னணியில் ஓடும் சேவைகளுக்கும் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளுக்கும் அதே நிலைதான். ஆக, மானிட்டர் இல்லாத பெட்டியில் இந்தத் தானியங்கி உரிமை உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கவே போவதில்லை. சோதிக்க மானிட்டரை மாட்டி லாகின் செய்தால் எல்லாம் ஓடும், கழற்றிவிட்டு எஸ்எஸ்எச்சுக்குப் போனால் மறுபடி காணாமல் போகும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் 'சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் இல்லை' என்று புலம்புகிறார்கள். சில சமயம் எல்லாம் இல்லை, விதி மாறவே இல்லை.

மிச்சம் இருப்பது பழைய வழி: சாதனத்தைத் திறக்கும் உரிமை பெற்ற பயனர் குழு.

படி 3: சாதனக் கோப்பைக் கண்ணால் பாருங்கள்

எல்எஸ்யுஎஸ்பி காட்டிய பஸ் 001, டிவைஸ் 004 என்றால் கோப்பு இருப்பது /டெவ்/பஸ்/யுஎஸ்பி/001/004. அதை எல்எஸ் கட்டளையில் எல் விருப்பத்தோடு பாருங்கள். எந்த விதியும் தொடாத யுஎஸ்பி சாதனத்துக்கு உரிமையாளர் ரூட், குழு ரூட், அனுமதி 0664 என்று இருக்கும். எல்லோரும் படிக்கலாம் என்பதால் போதும் என்று தோன்றும், போதாது. ஸ்கேனருக்கு நாம் உத்தரவுகளை அனுப்ப வேண்டும், அதற்கு எழுதும் உரிமை வேண்டும். எல்எஸ்யுஎஸ்பியில் அழகாகத் தெரியும் ஸ்கேனர் ஸ்கேன்இமேஜில் தெரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த இடைவெளிதான்.

டெபியன் வகையில் இன்னொரு குழப்பம் உண்டு. சேனின் டிரைவர்கள் அடங்கிய லிப்சேன் பொதியோடு வரும் யூடெவ் விதி, கோப்பின் குழுவை மாற்றாமல் ஏசிஎல் என்ற கூடுதல் அனுமதிப் பட்டியலில் 'ஸ்கேனர்' குழுவைச் சேர்க்கிறது. அதனால் எல்எஸ் பட்டியலில் இன்னமும் ரூட் ரூட் என்றே இருக்கும், அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி மட்டும் முளைத்திருக்கும். அந்தக் கூட்டல் குறியைப் பார்த்தால் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையால் அதே கோப்பைப் பாருங்கள். ஸ்கேனர் குழுவுக்குப் படிக்கவும் எழுதவும் உரிமை உண்டு என்ற வரி இருந்தால் விதி தன் வேலையைச் செய்துவிட்டது, நீங்கள் அந்தக் குழுவில் சேர வேண்டியது மட்டும்தான் பாக்கி. அப்படி ஒரு வரி இல்லை என்றால் உங்கள் மாடல் விதிப் பட்டியலில் இல்லை, படி 4-இன் இரண்டாம் பாதிக்குப் போங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தக் கோப்புக்கு சிஎச்மோட் 666 கொடுத்தால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அது நிலைக்கவே நிலைக்காது. அந்தக் கோப்பு வட்டில் இருப்பதில்லை, சாதனத்தைச் செருகும்போது உருவாகிக் கழற்றும்போது மறைவது. அடுத்த முறை செருகினால் 004 என்பது 005 ஆகியிருக்கும், பழைய அனுமதியும் போயிருக்கும். சோதனைக்கு ஒரு முறை செய்து பார்ப்பதில் தப்பில்லை, தீர்வாக வைத்துக்கொள்ளக் கூடாது.

படி 4: குழுவில் சேருங்கள், தேவைப்பட்டால் விதி எழுதுங்கள்

யூசர்மோட் கட்டளையில் சின்ன ஏ, பெரிய ஜி விருப்பங்களோடு ஸ்கேனர் குழுவையும் உங்கள் பயனர் பெயரையும் கொடுங்கள். சின்ன ஏ-வை மறந்தால் உங்கள் மற்ற குழுக்கள் எல்லாம் பறிபோய்விடும், சூடோ உரிமையும் அதில் போகலாம். மானிட்டர் இல்லாத பெட்டியில் சூடோவை இழப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்ல வேண்டியதில்லை. பயமாக இருந்தால் டெபியனின் ஆட்யூசர் கட்டளையில் பயனர் பெயர், குழுப் பெயர் என்று வரிசையாகக் கொடுத்துவிடுங்கள், அது சேர்க்க மட்டுமே செய்யும்.

சேர்த்தும் ஓடவில்லையா? குழு மாற்றம் புதிதாக லாகின் செய்த பிறகுதான் பலிக்கும். இங்கே மானிட்டர் இல்லாத (ஹெட்லெஸ்) பெட்டிக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது: டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீன், அதாவது இணைப்பை மூடினாலும் ஷெல்லை (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) உயிரோடு வைத்திருக்கும் நிரல்கள். எஸ்எஸ்எச்சை மூடிவிட்டுத் திரும்ப வந்து, அதே பழைய டிமக்ஸ் அமர்வில் ஒட்டிக்கொண்டால், அதற்குள் இருக்கும் ஷெல் இன்னமும் பழைய குழுக்களோடுதான் ஓடுகிறது. லாகின் இல்லாதபோதும் சேவைகளை ஓடவிடும் லிங்கர் வசதியை இயக்கி வைத்திருப்பவர்களின் சிஸ்டம்டி பயனர் சேவைகளுக்கும் இதே கதைதான். ஐடி கட்டளையைச் சும்மா அடித்தால் இப்போதைய ஷெல்லிடம் உண்மையில் இருக்கும் குழுக்களும், பயனர் பெயரோடு சேர்த்து அடித்தால் பதிவேட்டில் இருக்கும் குழுக்களும் தெரியும். இரண்டும் வேறுபட்டால் டிமக்ஸை முழுவதும் மூடுங்கள், அல்லது பெட்டியையே ரீபூட் செய்துவிடுங்கள். இந்த விஷயத்தில் ரீபூட் கௌரவக் குறைச்சல் இல்லை.

சாதனக் கோப்பில் ஸ்கேனர் குழுவே இல்லாதபோது சொந்த விதி தேவை. /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் 60-ஸ்கேனர்.ரூல்ஸ் என்பது மாதிரி ஒரு கோப்பை உருவாக்குங்கள், கோப்பின் பெயர் கட்டாயம் ரூல்ஸ் என்ற நீட்சியோடு முடிய வேண்டும். உள்ளே ஒரே வரி. இதில் வரும் சொற்கள் கட்டளைகள் இல்லை, அதனால் SUBSYSTEM, ATTR, MODE, GROUP என்று பெரிய எழுத்திலும், idVendor, idProduct என்று இங்கே இருப்பது போலவும் அடியுங்கள். அதில் காற்புள்ளியால் பிரித்து ஐந்து விஷயங்கள்: சப்சிஸ்டம் யுஎஸ்பியா என்ற சோதனை, ஏடிடிஆர் என்பதன் நெளிவு அடைப்புக்குள் ஐடிவெண்டர் போட்டுத் தயாரிப்பாளர் எண், அதே போல ஐடிபிராடக்ட் போட்டு மாடல் எண், அப்புறம் மோட் 0660, கடைசியில் குரூப் ஸ்கேனர். முதல் மூன்றும் சோதனைகள், அவற்றுக்கு இரட்டைச் சமக்குறி. பின்னிரண்டும் மதிப்பைக் கொடுப்பவை, அவற்றுக்கு ஒற்றைச் சமக்குறி. எல்லா மதிப்புகளும் இரட்டை மேற்கோளுக்குள். எண்களில் வரும் ஆங்கில எழுத்துகளைச் சின்ன எழுத்தில்தான் எழுத வேண்டும், பெரிய எழுத்தில் எழுதினால் பொருந்தாது, பொருந்தவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

யுஅக்சஸ் அடையாளத்தை மட்டும் சேர்க்கும் விதிகளை இணையத்தில் நிறையப் பார்ப்பீர்கள். மானிட்டர் இருக்கும் கணினிக்கு அதுதான் சரியான முறை, உங்களுக்கு உதவாது. காரணம் படி 2-இல் இருக்கிறது.

விதியை எழுதியபின் யூடெவ்ஏடிஎம் கன்ட்ரோல் கட்டளையில் ரீலோட் விருப்பம் கொடுங்கள், பிறகு கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். பெட்டி வேறு ஊரில் இருக்கிறது, கேபிளைத் தொட ஆளில்லை என்றால் யூடெவ்ஏடிஎம் டிரிகர் கட்டளையில் ஆக்ஷன் விருப்பத்துக்கு ஆட் என்று கொடுத்தால், இப்போதுதான் செருகியது போல விதிகள் ஓடும். முடிந்ததும் படி 3-ஐத் திரும்பச் செய்து குழு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் யூடெவ்ஏடிஎம் டெஸ்ட் எந்த விதிக் கோப்புகள் படிக்கப்பட்டன என்பதை வரிவரியாகக் கொட்டும்.

படி 5: பிரிண்டரும் ஸ்கேனரும் ஒன்றாக இருக்கும் பெட்டிகள்

இவை தனி இனம். யுஎஸ்பி சாதனத்தில் பிரிண்டர் பகுதி இருந்தால் யூடெவ்வின் அடிப்படை விதியே அதன் குழுவை எல்பி என்று மாற்றிவிடும். நீங்கள் ஸ்கேனர் குழுவில் மட்டும் இருந்து, லிப்சேன் பட்டியலில் அந்த மாடல் இல்லாமல் இருந்தால், கதவு திறக்காது. உங்கள் பயனரை எல்பி குழுவிலும் சேர்த்துவிடுவதுதான் சுலபம். கோப்பின் குழுவை ஸ்கேனர் என்று மாற்ற விதி எழுதாதீர்கள், ஸ்கேன் சரியாகி அச்சு கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு.

கொஞ்சம் புதிய மாடல்களில் இதற்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. டெபியன் 11 முதல் ஐபிபி-யுஎஸ்பி என்ற சேவை, டிரைவர் இல்லாமலே பேசத் தெரிந்த இயந்திரங்களைச் செருகியதும் தானே எடுத்துக்கொண்டு, கணினிக்குள்ளேயே ஒரு வலை முகவரியில் (வழக்கமாக லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 60000) அதை நெட்வொர்க் பிரிண்டர் மாதிரி காட்டுகிறது. அது பிடித்து வைத்திருக்கும்போது பழைய டிரைவரால் யுஎஸ்பி வழியாகத் திறக்க முடியாது. ரூட்டாக இருந்தாலும் 'டிவைஸ் பிஸி' என்றுதான் வரும். அந்த நிலையில் குழு, விதி, ஏசிஎல் எதை மாற்றினாலும் பயனில்லை. சேன்-ஏர்ஸ்கேன் பொதியை நிறுவினால் அதே இயந்திரம் வேறு பெயரில் பட்டியலில் வரும், அதற்கு யுஎஸ்பி அனுமதியே தேவையில்லை. ஐபிபி-யுஎஸ்பியை நிறுத்திப் பழைய டிரைவருக்குத் திரும்புவதைவிட இது நிம்மதி என்பது என் கருத்து.

படி 6: சேன்டி, வலைவழி ஸ்கேன்

உங்கள் பயனருக்கு எல்லாம் ஓடுகிறது, ஆனால் மற்ற கணினிகளிலிருந்து ஸ்கேனர் தெரியவில்லை. இங்கே ஸ்கேனரைத் திறப்பது நீங்கள் இல்லை, சேன்டி என்ற சேவை. அது சேன்டி என்ற தனிப் பயனராக ஓடுகிறது. ஆகவே சூடோவில் சின்ன யு விருப்பத்தோடு சேன்டி என்று கொடுத்து, அந்தப் பயனராக ஸ்கேன்இமேஜ் பட்டியலைக் கேளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கட்டளையை நினைவில் வைத்துக்கொள்ள நினைத்தால் இதை வையுங்கள். அதில் ஸ்கேனர் வரவில்லை என்றால் சேன்டி பயனரை ஸ்கேனர் குழுவில், பிரிண்டரோடு சேர்ந்த இயந்திரம் என்றால் எல்பி குழுவிலும் சேருங்கள்.

வந்துவிட்டால் சேவையைப் பாருங்கள். டெபியனில் சேன்டி.சர்வீஸ் என்பது மாஸ்க் செய்யப்பட்டிருக்கும், அதாவது நேரடியாக இயக்க முடியாதபடி முடக்கப்பட்டிருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், இயக்க வேண்டியது சேன்டி.சாக்கெட். அது 6566-ஆம் போர்ட்டில் காத்திருந்து, யாராவது அழைக்கும்போது மட்டும் சேவையை எழுப்பும்.

பிறகு /ஈடிசி/சேன்.டி அடைவில் உள்ள சேன்டி.கான்ஃப் கோப்பு. யார் யார் ஸ்கேன் செய்யலாம் என்பதை இதில் எழுதாவிட்டால் வெளியாள் யாரும் நுழைய முடியாது. வீட்டு வலை 192.168.1 வரிசையில் இருந்தால் 192.168.1.0/24 என்று ஒரு வரி. கூட்டல் குறி மட்டும் போட்டால் உலகத்துக்கே திறந்துவிடும், போடாதீர்கள், இந்த நெறிமுறையில் மறையாக்கம் எதுவும் இல்லை. ஸ்கேன் கேட்கும் லினக்ஸ் கணினியில் நெட்.கான்ஃப் கோப்பில் உங்கள் பெட்டியின் முகவரி. அங்கே பெயருக்குப் பதில் எண் முகவரியையே கொடுங்கள். பெயரைக் கொடுத்தால் சில வலைகளில் இணைப்பு ஐபிவி6 வழியாகப் போய்விடும், சேன்டி.கான்ஃபில் ஐபிவி4 வரிசை மட்டும் இருப்பதால் மறுக்கப்படும், கேட்ட கணினியிலோ பழையபடி 'ஸ்கேனர் எதுவும் இல்லை' என்ற செய்திதான் வரும். ஜர்னல்சிடிஎல்லில் சேன்டி பதிவுகளைப் பார்த்தால் எந்த முகவரி மறுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

பட்டியலில் ஸ்கேனர் வருகிறது, ஸ்கேன் தொடங்கும்போது மட்டும் தொங்கிவிடுகிறது என்றால் ஃபயர்வால். 6566 பேச்சுக்கு மட்டும்தான், படத் தரவு வேறொரு போர்ட்டில் போகும். சேன்டி.கான்ஃபில் டேட்டா போர்ட்ரேஞ்ச் வரியை 10000 - 10100 என்று திறந்து, அதே வரிசையை ஃபயர்வாலிலும் அனுமதியுங்கள்.

படி 7: கன்டெய்னர், சொந்தச் சேவை, ஃபர்ம்வேர்

டாக்கருக்குள் (நிரலைக் கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓட்டும் மென்பொருள்) ஸ்கேன் மென்பொருளை ஓட்டுபவர்கள் 001/004 என்ற ஒற்றைக் கோப்பை மட்டும் உள்ளே கொடுத்தால், ஸ்கேனரைக் கழற்றி மாட்டிய அன்றே நின்றுபோகும். /டெவ்/பஸ்/யுஎஸ்பி அடைவை முழுவதுமாக மவுண்ட் செய்து, டிவைஸ் சிகுரூப் விதியில் (கன்டெய்னர் எந்தச் சாதனங்களைத் தொடலாம் என்ற வரையறை) யுஎஸ்பியின் மேஜர் எண்ணான 189-ஐ அனுமதியுங்கள். கன்டெய்னருக்குள் குழுப் பெயருக்கு மதிப்பில்லை, எண்தான் பேசும். பெட்டியில் ஸ்கேனர் குழுவின் எண் என்ன என்று பார்த்து, அந்த எண்ணையே குரூப்-ஆட் விருப்பத்தில் கொடுங்கள். பிரிவிலேஜ்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான், ஆனால் ஒரு ஸ்கேனருக்காக முழுப் பெட்டியின் சாவியையும் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

நீங்களே எழுதிய சிஸ்டம்டி சேவை என்றால் அதில் பிரைவேட்டிவைசஸ் (PrivateDevices) என்ற வரி 'எஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் சேவைக்கு யுஎஸ்பி அடைவே கண்ணில் படாது, குழு சரியாக இருந்தும் பலனில்லை.

கடைசியாக, யுஎஸ்பிக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அனுமதிச் சிக்கல். புஜிட்சு ஸ்கேன்ஸ்நாப் எஸ்1300ஐ போன்ற மாடல்கள், இயக்கும்போதெல்லாம் கணினியிலிருந்து ஒரு ஃபர்ம்வேர் கோப்பை எதிர்பார்ப்பவை. விண்டோஸ் டிரைவரிலிருந்து அதை எடுத்து /யுஎஸ்ஆர்/ஷேர்/சேன்/எப்ஜிட்சு அடைவில் வைக்க வேண்டும். அதை ரூட்டாகக் காப்பி செய்யும்போது அனுமதி 0600 என்று அமைந்துவிட்டால், சூடோவில் ஓடும், மற்றவர்களுக்கு ஓடாது. அறிகுறி அச்சு அசலாகப் படி 1-இல் பார்த்ததுதான், ஆனால் குழுவும் ஏசிஎல்லும் எல்லாம் சரியாக இருக்கும். ஃபர்ம்வேர் கோப்புக்கு 0644 கொடுங்கள், அடைவுக்கு 0755 இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்போதும் பிடிபடவில்லை என்றால் சேன்_டீபக்_சேன்ஐ_யுஎஸ்பி என்ற சூழல் மாறியை (எல்லாம் பெரிய எழுத்து) 128 என்று வைத்து ஸ்கேன்இமேஜை ஓட்டினால், எந்தச் சாதனத்தைத் திறக்கப் போய் என்ன பிழை வந்தது என்பது வரிவரியாகத் திரையில் ஓடும்.